பத்து டிகிரி பெட்டி

“பொருந்தலை சார்,” என்றார் ஆய்வகக்காரர். மேஜைமேல் இருந்த பெட்டியில் பெயர் இல்லை, எண் மட்டும்தான்.

“முன்னெல்லாம் தானமா நுரையீரல் வந்தா சோதிக்கவே நேரம் இருக்காது. இப்ப பத்து டிகிரியில வச்சு நிதானமா பார்த்துட்டோம். உங்க மனைவியோட ரத்தம் இதை உடனே தாக்கிடும்.”

“ஏன் அப்படி?”

“பிள்ளை பெத்தவங்க சிலருக்கு அப்படித்தான். வயித்துல இருக்கற குழந்தையையே உடம்பு அந்நியமா நினைச்சு எதிர்ப்பை வளர்த்துக்கும். அப்புறம் அது லேசுல போகாது. எத்தனை குழந்தைங்க?”

“ஒரே பையன்.”

“மனசைத் தளர விடாதீங்க. இது வேறொரு பொண்ணுக்குப் பொருந்திடுச்சு. வீணாகாது.”

கணவர் தலையாட்டிவிட்டு வார்டுக்குப் போனார். மனைவி ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாள்.

“பொருந்துச்சா?”

“இல்லம்மா.”

“போகட்டும் விடுங்க. யாரு பெத்த பிள்ளையோ. அவங்கம்மா எப்படித்தான் தாங்கறாளோ.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நம்ம பையன் எங்க? ரெண்டு நாளா எட்டிக்கூடப் பார்க்கலை.”

“வருவான்,” என்றார்.

சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த உறுப்பு தானச் சம்மதப் படிவத்தின் நகலை உள்ளே தள்ளினார். இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்ட இடத்தில், நேற்று அவர் ‘அப்பா’ என்று எழுதியிருந்தார்.