அஸ்லக் இடித்த இடம்

வாளித் தண்ணீரைக் கடலில் கொட்டும்போதெல்லாம் எய்வினின் கண் படகின் வயிற்றில் இருந்த அந்தக் கறுப்புக் கீறலில்தான் போய் நின்றது. நேற்று மாலைக் காற்றில் பக்கத்துப் படகுக்காரன் அஸ்லக் தன் படகைக் கட்டத் தெரியாமல் கட்ட வந்து இடித்த இடம் அது.

"விரிசல் விட்டுருச்சு சிக்னே. அந்தப் பாவி சாகடிச்சிட்டான் என் படகை."

"பேசாம மொள்ளு" என்றாள் அவன் மனைவி. அவள் கையில் வாளிகூட இல்லை, வாஃபிள் மாவு கரைத்த சட்டியாலேயே மொண்டுகொண்டிருந்தாள்.

கேபினுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தரைப்பலகைகள் மிதந்தன. மின்பம்ப் பத்து நிமிடம் முனகிவிட்டு அடங்கிப் போயிற்று.

ஐந்து குளிர்காலம் கொட்டகையில் மல்லாந்து கிடந்து அவன் புதுப்பித்த படகு. போன ஆகஸ்டில்தான் முதன்முதலாக மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தான், அதற்குள் குளிர் வந்து கரையேற்ற வேண்டியதாயிற்று. நாளை மே பதினேழு, தேசிய நாள். கொடி கட்டி, சிக்னேயை உட்காரவைத்துத் தீவைச் சுற்றி வருவதாக இருந்தான். அந்தப் படகு இப்போது துறையிலேயே, எல்லார் கண் முன்னாலும் மூழ்கிக்கொண்டிருந்தது.

காலையில் ஒரு குறையும் இல்லை. காப்பியை ஒரு வாய் குடித்த சிக்னே மட்டும் முகம் சுளித்தாள். "போன வருஷத் தண்ணியா இது? பனி விழறதுக்கு முன்னாடி தொட்டிய வடிச்சு வைக்கலையா நீ?"

"வடிக்கலன்னா என்ன, புதுசா புடிச்சாப் போச்சு" என்று சொல்லி அதற்கும் வழி செய்துவிட்டுத்தான் அவன் கொடிக்கம்பத்தைத் துடைக்கப் போனான். துடைத்துத் திரும்பினால், படகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

எய்வின் மிதவைப் பாலத்தில் குதித்தான். கயிறும் குழாயும் காலில் சிக்க, உதறித் தள்ளிவிட்டு அஸ்லக்கின் படகை ஓங்கிக் குத்தினான்.

"வெளிய வாய்யா. வந்து நீ செஞ்ச வேலையப் பாரு."

அஸ்லக் வந்து பார்த்தான். அறுபத்தெட்டு வயது முகம் வெளுத்துப் போயிற்று. "நேத்து ராத்திரியே பாத்தேனே எய்வின், மேல் சாயந்தான் போயிருந்துச்சு."

"சாயம் போனதுக்கா முழங்கால் தண்ணி நிக்குது?"

அக்கம்பக்கப் படகுகளிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் நாலைந்து வாளி கொடுத்தார்கள். எவ்வளவு மொண்டாலும் தண்ணீர் குறையவில்லை. எய்வினுக்குத் தோள் விட்டுப்போயிற்று. கப்பி இல்லாத கிணற்றில் இறைப்பதுபோல, கை ஓய்ந்ததே தவிர காரியம் ஆகவில்லை.

"நான்தான் இடிச்சேன்" என்றான் அஸ்லக், எல்லார் காதிலும் விழும்படி. "இது போச்சுன்னா என் படகை எடுத்துக்க. மனசாரத்தான் சொல்றேன்."

"உன் படகு யாருக்கு வேணும். என் அஞ்சு வருஷத்தக் குடு." என்றான் எய்வின்.

அஸ்லக் தன் படகுக்குள் ஓடினான். பழைய பாய்த்துணி ஒன்றைச் சுருட்டி எடுத்தான், செருப்பைக் கழற்றினான், யாரும் பிடிப்பதற்குள் மே மாதத்துக் கடலில் இறங்கிவிட்டான். துணியைக் கீறலின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு தொங்கினான். பல் கிட்டியது.

கேபினுக்குள் அவர்களுடைய நாய் பாம்ஸேக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை. படியில் நின்று, வெள்ளத்தைச் சளப் சளப்பென்று நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. சிக்னே அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சட்டியைக் கீழே வைத்துவிட்டு நாயோடு படகை விட்டு இறங்கினாள்.

"போ, நீயும் போ" என்றான் எய்வின். மூழ்கினால் படகோடு மூழ்குவது என்று வைராக்கியமாக மறுபடி மொண்டான்.

ஐந்து வாளி. பத்து வாளி. படிக்கட்டின் இரண்டாம் ஆணி வெளியே தெரிந்தது. இன்னும் பத்து வாளி. மூன்றாம் ஆணியும் தெரிந்தது.

"நின்னுருச்சு" என்று கத்தினான். "அஸ்லக், நின்னுருச்சய்யா. அப்படியே அழுத்திப் புடி, கைய எடுத்துராத."

"எ-எடுக்கல" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

எய்வின் வாளியைப் போட்டுவிட்டு ஓரத்தில் குப்புறப் படுத்து, கையை நீட்டி அஸ்லக்கின் நனைந்த தலையைத் தொட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. எய்வினின் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் திட்டியவன், இத்தனை பேர் முன்னால் சொல்வதுதானே முறை.

"இடிச்சதும் நீ, காப்பாத்துனதும் நீ. போகட்டும் அஸ்லக், உன்ன மன்னிச்சிட்டேன்."

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். மிதவைப் பாலத்தின் கோடியில் இருந்து சிக்னே வந்தாள். ஒரு கையில் நாய், இன்னொரு கையில் சொட்டுச் சொட்டாக வடியும் பச்சைக் குழாயின் முனை.

"முதல்ல அந்த மனுஷன மேல தூக்கு எய்வின். பனியில விரிசல் விட்ட தொட்டிக்கு நீ திறந்துவிட்ட குழாய இப்பத்தான் மூடிட்டு வரேன்."