ரதிசாவின் காப்பிக் கோப்பை

செர்பியாவின் லெஸ்கோவாட்ஸ் நகரம், ஓய்வூதியர் மன்றத்தின் ஆங்கில வகுப்பு. இன்றைக்கு எதிர்காலப் பாடம். காலை வெயில் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. "வர்ற செப்டம்பர்ல என்ன செய்யப்போறீங்க?" என்று ஆசிரியை தமாரா ஒவ்வொருவராகக் கேட்டு வருகிறாள். திங்கட்கிழமை இதய அறுவைச் சிகிச்சைக்குப் போகும் ரதிசாவ் தலையைத் தூக்கவில்லை. "நடந்ததைக் கேளுங்க டீச்சர், சொல்றேன். வரப்போறதைக் கேக்காதீங்க." ஐரோப்பாவிலேயே மிக மோசமான ஆங்கிலம் பேசுகிற டெசாங்கா, அவன் குடித்துவைத்த காப்பிக் கோப்பையைப் பறித்துத் தட்டில் கவிழ்க்கிறாள். நிமிர்த்தி, வடிகட்டாத காப்பி உள்ளே படியவிட்ட கசடை ஜன்னல் வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கிறாள். பிறகு அந்த ஆங்கிலத்திலேயே குறி சொல்கிறாள்: "செப்டம்பர்ல நீ என் வீட்டு முற்றத்துல குளிர்காலத்துக்குக் குடைமிளகாய் சுடுவே. முந்நூறு கிலோ!"

"போன வருஷம் இருபது கிலோதானேம்மா?" என்கிறேன் நான்.

"கோப்பையில அப்படித்தான்யா இருக்கு. நீ சும்மா இரு."

கோப்பை கைமாறுகிறது. என் வேலியை அவன் சரிசெய்வான் என்று நான் படிக்கிறேன். பக்கத்து நாற்காலி வோயின், தன் மகள் கல்யாணத்தில் ரதிசாவ் விடிய விடிய ஆடுவான் என்று படிக்கிறான். வாக்கியத்துக்கு ஒன்பது பிழை. தமாராவின் சிவப்புப் பேனா மூடியே கிடக்கிறது. எழுபத்திரண்டு வயதில் என்னை இந்த வகுப்புக்குத் துரத்திவிட்ட மனைவிக்கு மனதுக்குள் ஆயிரம் முத்தம் கொடுக்கிறேன். ரதிசாவ் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, ஆங்கிலத்தில் சொல்கிறான்: "சுடுறதுக்கு நான் வருவேன், டெசாங்கா. முந்நூறு கிலோவுக்கும் தோலை நீதான் உரிக்கப்போறே."