வரிசை தவறிய கப்பல்

'ப்ளைத் மெய்டன்' சரக்குக் கப்பல் மறுபடியும் புகையைக் கக்கியது.

சாதாரணப் புகை இல்லை. இருபது மைலுக்கு அப்பாலிருக்கும் ஜெர்மன் நீர்மூழ்கியைக்கூட விலாசம் கொடுத்து அழைக்கும் கரும்புகை.

"காலைலேர்ந்து ஆறு தடவை சொல்லியாச்சு. ஏழாவது தடவையா கொடியேத்துங்க, பாஸ்கோ. புகையைக் குறை, வரிசைக்கு வா!" என்றார் அட்மிரல் பென்ரோஸ்.

கொடிகள் ஏறின. பதில் வரக் கால்மணி நேரம் ஆனது.

"என்னவாம் அந்தாளுக்கு?"

சிக்னல்காரர் பாஸ்கோ தொலைநோக்கியைத் தாழ்த்தினார். "கொடி சரியா தெரியலையாம் சார். திரும்பச் சொல்லணுமாம்."

பென்ரோஸுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பதின்மூன்று வயதில் கடற்படைக்கு வந்தவர். போன உலகப் போரில் ஒரு நாசகாரிக் கப்பலின் தலைவர். ஓய்வு பெற்று சவுத்ஸீ என்ற கடலோர ஊரில் தக்காளி வளர்த்துக்கொண்டிருந்தவரை இந்தப் போர் மறுபடி கூப்பிட்டது. அறுபத்துமூன்று வயதுக்காரருக்குப் போர்க்கப்பலா தருவார்கள்? முப்பத்தெட்டு சரக்குக் கப்பல்களை அட்லாண்டிக்கைத் தாண்டி மேய்த்து வாருங்கள் என்று, அதில் ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன.

புறப்படும் முன் கேப்டன்களை எல்லாம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். எந்தக் கப்பல் மூழ்கினாலும், என் கப்பலே மூழ்கினாலும், யாரும் நிற்கக் கூடாது. நிற்கும் கப்பல்தான் அடுத்து மூழ்கும். ப்ளைத் மெய்டனின் கேப்டன் ராப்சன் அப்போது கடைசி நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மணித் தேநீர் பென்ரோஸ் கைக்கு வந்த நேரத்தில் டார்பிடோவும் வந்தது. அவருடைய கப்பலுக்கே வந்தது.

ஆறாவது நிமிடம் பென்ரோஸ் தண்ணீரில் கிடந்தார். கப்பல்கள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப் போயின. ஒன்றுகூட நிற்கவில்லை. உத்தரவு அப்படி.

பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியாக, புகையைக் கக்கியபடி ப்ளைத் மெய்டன் வந்தது. வந்து நின்றது.

மேலே இழுத்துப் போட்டதும் பென்ரோஸ் பற்கள் தந்தியடிக்கக் கத்தினார். "யாருய்யா உம்மை நிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார்," என்றார் ராப்சன். "நிக்காதேன்னும் கொடி ஒண்ணும் தெரியலையே."

இந்த மனிதரை என்னதான் செய்வது? கிளம்பு, முழு வேகம் என்று சொல்ல பென்ரோஸ் வாயெடுத்தார்.

போன போரிலும் அவர் அதைத்தான் சொன்னார். அன்றைக்குத் தண்ணீரில் கிடந்தவர்கள், அவர் கப்பல் நெருங்குவதைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். தங்களை ஏற்றிக்கொள்ளத்தான் வருகிறது என்று நினைத்துவிட்டார்கள். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கீழே, எண்ணெய் படர்ந்த தண்ணீரில் பாஸ்கோ கையசைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள்.

"நில்லுங்க," என்றார் பென்ரோஸ். "கடைசி ஆள் ஏறுற வரைக்கும் நில்லுங்க."

காலையிலிருந்து அவர் கொடுத்த உத்தரவுகளில், ராப்சன் உடனே கீழ்ப்படிந்தது அது ஒன்றுக்குத்தான்.