இடுப்பில் பப்பாளி

பழவண்டிக்காரர் நீட்டிய பையைச் செண்பகவல்லி வேண்டாமென்றாள். நன்றாகப் பழுத்த அந்தப் பெரிய பப்பாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவின் நட்டநடுவில் நடந்தாள். மூன்றாம் மாதத்தில் அவள் கரு கலைந்தபோது, கல்யாண வீட்டில் அவள் தின்ற ஒரு துண்டு பப்பாளிதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்ன தெரு அது. மாமியார் வடிவு அன்றைக்கே கொல்லையில் காய்த்து நின்ற பப்பாளி மரத்தை வெட்டிச் சாய்த்தாள். இன்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "இப்படிப் போறது பெரும்பாலும் கருவுலயே இருக்கிற கோளாறுதாம்மா. நீ தின்னதாலயும் இல்ல, குடம் தூக்குனதாலயும் இல்ல. அடுத்ததுக்கு முன்னாடியே ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட ஆரம்பிச்சிரு."

குழாயடியில் பேச்சு நின்றது.

"யாருக்குடி இது?" என்றாள் ஒருத்தி.

"எனக்குத்தான்க்கா," என்று பழத்தை இன்னும் ஏற்றிப் பிடித்தாள் செண்பகவல்லி.

வாசலில் நின்ற வடிவிடம், டாக்டரம்மா சொன்னதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். வடிவு உள்ளே போய், மரத்தை வெட்டிய அதே அரிவாளைக் கழுவி எடுத்து வந்தாள். பழத்தை வாங்கி வாசற்படியில் வைத்துப் பிளந்தாள்.

"எனக்கும் ஒண்ணு போச்சு, உன் புருசனுக்கு முன்னால," என்றாள். "அன்னையிலருந்து இத நான் தொட்டதில்ல."

பிறகு தெரு பார்க்க, முதல் துண்டை அவளே தின்றாள். சாறு முழங்கை வரை வழிந்தது. துடைக்கவில்லை.