நாயகனின் விரல்கள்

ஆல்வினின் பையை வாட்ச்மேன் கவிழ்த்துக் கொட்டினார்.

சார்ஜர். டிபன் பாக்ஸ். ஒரு துண்டு.

வேறொன்றும் விழவில்லை. விழாது என்று அவளுக்குத் தெரியும். படத்தைத் திருடி விற்றவன் அதைப் பையிலா வைத்துக்கொண்டு திரிவான்?

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதவி இயக்குநர். அவன் உதவி எடிட்டர். முழுப் படத்தையும் ஆன்லைனில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதன் பாஸ்வேர்டு அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். டிரெய்லர் வந்த மறுநாளே கிளைமாக்ஸ் ஊரார் போனிலெல்லாம் ஓடியது.

அவள் கொடுக்கவில்லை. அப்புறம் யார்?

கொஞ்ச நாளாகவே அவன் போக்கு சரியில்லை. போன் வந்தால் மாடிப்படிக்கு ஓடினான். அவள் உள்ளே நுழைந்தால் ஸ்கிரீனை மாற்றினான். காலில் புது ஷூ வேறு.

எல்லாவற்றையும் மேனேஜர் சாத்தப்பனிடம் சொன்னது அவள்தான்.

ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவன் இப்படிச் செய்துவிட்டானே.

ஆல்வின் சாமான்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டான். அவளை ஒரு பார்வை பார்த்தான். வெளியே போனான்.

என்ன நடிப்புடா சாமி.

ரிசப்ஷன் டிவியில் டிரெய்லர் மறுபடி ஓடியது. ஹேக்கர் படம். நாயகன் ஹெலிகாப்டரில் தலைகீழாகத் தொங்குகிறான். நடுராத்திரியிலும் கூலிங் கிளாஸ். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் லேப்டாப். பாஸ்வேர்டு தட்டினால் ஊரிலுள்ள வங்கியெல்லாம் வெடிக்குமாம்.

தட்டுவது அவளுடைய விரல்கள்.

ஹீரோவுக்கு டைப் அடிக்க வராது. எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவார். குளோசப்புக்காக, விரல் நுனி வெட்டிய ஹீரோவின் தோல் கையுறையை அவளுக்கு மாட்டிவிட்டார்கள். என்ன அடிக்கட்டும் என்று கேட்டாள். கைக்கு வந்ததை அடி, வேகமாக அடி என்றார் டைரக்டர். பிறகு அவரே அதை ஸ்லோமோஷன் ஆக்கினார்.

அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டாள்.

இப்போதும் ஆசையாகத்தான் பார்த்தாள். திரை முழுக்க விரல்கள். ஒவ்வொன்றாக, நிதானமாக, எழுத்துகளின் மேல் இறங்கின.

பி.

ஐ.

என்.

கே.

ஒய்.

பிங்கி. ஸ்டுடியோ வாசலில் தூங்கும் நாய். தினமும் எடிட்டிங் ரூமில் உட்கார்ந்ததும் அவள் கை தானாக அடிக்கும் பெயர்.

படத்தைத் திறக்கும் பாஸ்வேர்டு.

சாத்தப்பன் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“நீயே ஒரு புது பாஸ்வேர்டு போட்ரும்மா. இனிமே உன்னத் தவிர ஒருத்தரையும் நம்பமாட்டேன்.”

அவள் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

வாசலில் ஆல்வின் பைக்கை உதைக்கும் சத்தம்.

கிளம்பவில்லை.

மறுபடி உதைத்தான்.

இன்னும் கிளம்பவில்லை.