எக்கோ பெட்டி காட்டிய குரல்

இப்போதெல்லாம் எந்த மைக்கும், எந்தப் போனும் குரலைத் தானாகவே திருத்தி இனிமையாக்கித்தான் அனுப்பும். திருத்தவே தெரியாத பழைய எக்கோ பெட்டி ஒன்று கிடைத்ததும் பூரணிக்கு ஆவல் தாங்கவில்லை. வீட்டு ஸ்டுடியோ ரேக்கில் அதை மாட்டி, குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தாள். அதோடு வந்த பழைய மைக்கில் ஒரு கும்மிப்பாட்டைப் பாடிப் பதிந்து, போனைத் தொடாமல் கம்ப்யூட்டர் வழியாக அப்படியே தென்காசியிலிருந்த அக்காவுக்கு அனுப்பினாள்.

அக்கா உடனே போன் செய்தாள். "ஏட்டி, கும்மி பாடுற குரலா இது? அழுதியா?"

பூரணியைக் கணவன் விட்டுப்போய் எட்டு மாதமாகிறது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. போன் அதைச் சிரித்த குரலாக்கி அனுப்பியது.

"இந்தப் போன நான் நம்ப மாட்டேன். பஸ் ஏறுதேன்," என்றாள் அக்கா.