பூவராகன் தன் பெயரைச் சொன்ன நாள்

முப்பது வருடங்களுக்கு முன்பு, விரிவுரையாளர் வேலைக்கான நேர்காணலில் பூவராகனிடம் பெயரைக் கேட்டார்கள். முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. எதிரில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். மதிப்பெண்கள் வேலையை வாங்கித் தந்துவிட்டன. அந்தச் சிரிப்பு மட்டும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் ஒலி அலைகளை ஆராயும் சிக்னல் பிராசஸிங் ஆய்வகத்தில் உட்கார்ந்து, காதில் செருகும் ஒரு ஃபில்டரை உருவாக்கினார். திக்கலையும் இரைச்சலையும் களைந்துவிட்டு, பேச்சை மட்டும் தெளிவாகக் காதில் சேர்க்கும். இன்று அது இல்லாத காதே ஊரில் இல்லை. பேராசிரியருக்குத் திக்குவாய் என்பது அவரிடம் படித்த ஒருவருக்கும் தெரியாது.

ஓய்வுபெறும் நாளன்று, நிறைந்த அரங்கில் மேடையேறியவர் அத்தனை பேருடைய ஃபில்டர்களையும் ஒரே பொத்தானில் அணைத்தார். தன்னுடையதையும் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சார், என்னாச்சு?" முன்வரிசையில் இருந்த ஆய்வு மாணவி நஸ்ரின் பதறி எழுந்தாள். அவர் கையமர்த்தினார்.

"எ... என் பேரு... பூ... பூ..."

வியர்த்துக் கொட்டியது. ஐந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பூவராகன்!"

கூரையே இடிந்து விழுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. அவர் மிரண்டுபோய் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"எ... என்னம்மா சத்தம்?"

"கைதட்டல் சார்!" நஸ்ரின் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஃபில்டரைக் காதில் செருகிய நாளிலிருந்து கைகள் அசைவதை மட்டுமே பார்த்துவந்தவர் அவர். கைதட்டும் ஓசையையும் இரைச்சல் என்று களைந்தவரும் அவரேதான்.

"இ... இன்னும் கொ... கொஞ்சம் தட்டுங்க," என்றார் பூவராகன்.